அரைக் கட்டை

சுன்ட்ஸ்வால் ஊரில் ஸ்டெல்லானின் அப்பாவுக்குக்
கட்டை என்றால் மரம்.
ஆற்றில் மிதந்து வரும் பைன் கட்டைகளைக்
கொக்கியால் இழுத்து, எண்ணி,
காகித ஆலைக்குத் தள்ளிவிடுவார்.
மகனுக்குக் கட்டை என்றால் சுருதி.
இரண்டு பேரும் ஒரே மேசையில்
அவரவர் கட்டையைப் பற்றிப்
பேசாமல் சாப்பிட்டார்கள்.

எண்பத்தாறில் நான் அவர்களுடைய ஒலிப்பதிவாளன்.
பன்றிப் பண்ணையை ஒட்டிய ஸ்டுடியோ,
சுவரெல்லாம் முட்டை அட்டை.
ஐந்து பையன்கள்,
ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹேர் ஸ்பிரே.
மற்ற நால்வரும் சத்தம் போட்டார்கள்.
இவன் குரலோ
உறைந்த ஏரிமேல் சைக்கிள் விடுவதுபோல.
விழப்போகிறான் என்று நாம் மூச்சைப் பிடிக்கும்போது
கையை விட்டுவிட்டு ஓட்டுவான்.

மூன்றாவது பாட்டின் உச்சியில் ஒரு ஸ்வரம்.
கிட்டாரெல்லாம் அடங்கிப்போய்
அது மட்டும் நாலு விநாடி
ஆதாரமில்லாமல் நிற்கவேண்டும்.
அன்றைக்கென்று அவனுக்குச் சளி.
பதினேழு தடவை பாடினான்.
பதினேழும் கிழிந்த துணி.

விடியற்காலை மூன்று மணிக்கு
ட்ரம்மர் ஊவேயை வீட்டுக்குக் கூட்டிப்போக
அவன் தங்கை மைலிஸ் காரோடு வந்தாள்.
கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"இதுவா?" என்றாள்.
பாடினாள், ஒரே தடவை.
நான் பிளேடால் நாடாவை வெட்டி
அவனுடைய ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் நடுவில்
அவளை ஒட்டினேன்.
கூலி ஒரு காபி.
பன் தீர்ந்துபோயிருந்தது.

பிறகு எல்லாம் நடந்தது.
தங்க இசைத்தட்டு, தோல் கால்சட்டை,
ஒசாகாவில் ஹோட்டல் வாசலில்
குடை பிடித்து அழுத பெண்கள்.
அந்த நாலு விநாடியைப் பற்றி
ஒரு பத்திரிகை இரண்டு பக்கம் எழுதியது.
ஒவ்வோர் இரவும் அவன்
தனக்குச் சொந்தமில்லாத மாடிக்கு ஏறினான்.
சில இரவுகளில் தொட்டும்விட்டான்.
தொட்ட இரவுகளில்
மேடையிலிருந்து என்னைத் தேடிப் பார்ப்பான்,
தவணை கட்டியவன்
ரசீதுக்கு நிற்பதுபோல.

தொண்ணூற்றிரண்டில் உலகம்
கட்டம்போட்ட சட்டைக்கு மாறியது.
கம்பெனி தொலைபேசியை எடுக்கவில்லை.
குரல்நாணில் இரண்டு முடிச்சு.
ஊமியோ ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தார்கள்.
இரண்டு மாதம் சிலேட்டில் எழுதிக் காட்டினான்.
"பேசலாம்" என்றார் டாக்டர்.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை, இவன் கேட்கவில்லை.

பதினொரு வருடம் வெப்பப் பம்பு விற்றான்.
உங்கள் குரலை எங்கோ கேட்டிருக்கிறேனே
என்பார்கள் வாடிக்கையாளர்கள்,
ரேடியோவில் வானிலை வாசித்தீர்களா?
ஆமாம் என்பான்.

இப்போது கப்பல்.
ஸ்டாக்ஹோமிலிருந்து துர்க்குவுக்குப் போகும் இரவுக் கப்பல்,
ஆறாம் தளம், சூதாட்ட இயந்திரங்களுக்குப் பக்கத்து மேடை.
பாட்டை முதலில் அரைக் கட்டை இறக்கினோம்.
அடுத்த வருடம் இன்னோர் அரை.
இடுப்புக்கு பெல்ட் தளர்த்துவதுபோல,
யாரும் கவனிக்கவில்லை.

நவம்பரில் ஒருநாள் மூன்றாவது மேசையில் மைலிஸ்.
பல் ஆஸ்பத்திரி வேலையில் ஓய்வுபெற்றவள்,
பக்கத்தில் கணவர்,
தட்டில் இறால் வைத்த ரொட்டி.
ஸ்டெல்லானும் பார்த்துவிட்டான்.

அந்த இடம் வந்தது.
கிட்டார் அடங்கியது.
அவன் மைக்கைவிட்டு ஓரடி பின்னால் போய்
வாயை மூடிக்கொண்டான்.
நாலு விநாடி.
எஞ்சின் கேட்டது.
எங்கோ ஒருவருக்குச் சில்லறை கொட்டியது.
மைலிஸ் முள்கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.
"என்ன?" என்றார் கணவர்.
தலையை ஆட்டினாள்.
ட்ரம் திரும்பி வந்தது.

நிகழ்ச்சி முடிந்து
டி-ஷர்ட் விற்கும் மேசையில் அவள் நின்றாள்.
பெரிய அளவு ஒன்று கேட்டாள்.
காசு வேண்டாமென்று அவன் கையை உதற,
அவள் நோட்டை மடித்துப் பெட்டிக்கடியில் செருகினாள்.
பிறகு ஏதோ சொன்னாள்.
அவனும் ஏதோ சொன்னான்.

நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
எனக்குக் கேட்கவில்லை.
நாற்பது வருடமாகக்
கேட்பது ஒன்றுதான் என் வேலை.