இரண்டரை சென்டிமீட்டர்

எலிசோ தையல்காரி.
அவள் நாடா யாருக்கும் பரிந்து பேசாது:
வலக்கை நாற்பத்தொன்றரை,
இடக்கை முப்பத்தொன்பது.
"உன் ஒரு சட்டைக்கு இரண்டு ஆளை அளக்கணும், ரெவாஸ்"
நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
தன் ஸ்குவாட்டுக்குப் போய்விட்டாள்.

குத்தாய்சியில், ரியோனி ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
மூடிக்கிடக்கும் ஆலையின் நிலவறையில் எங்கள் ஜிம்.
ஒரே கண்ணாடி. நடுவில் விரிசல்.
அதன் இருபுறமும்
முன்பின் அறியாத இரண்டு பேராக நிற்பேன்.

எட்டு வருடம் லாமாராவின் அடுப்படி.
கிணறுபோல் குழிந்த மண் அடுப்பு.
விடியுமுன் இடுப்புவரை அதற்குள் கவிழ்ந்து
தணலின் மூச்சு முகத்தில் அடிக்க
மாவை இழுத்துச் சுவரில் அறைவேன்.
நாளுக்கு நானூறு ரொட்டி,
நானூறும் வலக்கை.
இடக்கை விளிம்பைப் பிடித்தபடி சும்மா இருந்தது,
முடி பொசுங்காத கை.

ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு.
அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்
ஒரே மார்பில் முளைத்த இரண்டையும்.

அக்டோபரில் ருஸ்தாவியில் மேடை.
அங்கே எதையும் தூக்கச் சொல்லமாட்டார்கள்.
நில், திரும்பு, முதுகைக் காட்டு.
எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள்,
எதற்கு எது ஈடு என்று பார்ப்பார்கள்.

ஆகவே புதுச் சட்டம்:
எந்த செட்டும் இடதில் தொடங்கும்.
அது எட்டில் துவண்டால் வலதும் எட்டில் நிற்கும்,
இன்னும் ஐந்துக்குத் தெம்பிருந்தாலும்.
டம்பெல்லை வைத்த பிறகும்
வலது விரல்கள் மடங்கி மடங்கி விரியும்,
பந்தியில் பாதியில் எழுப்பிவிட்டவன்போல்.

இடதே,
உன் பேரிலேயே இடக்கு இருக்கிறது.
நடுங்காதே, பார், இன்னும் ஒன்று.
ஒன்றுதான்.
சரி, பொய் சொன்னேன், இன்னும் இரண்டு.

ஜூலையில் ஒரு யோசனை:
ரொட்டியையும் இடதால் அறைந்தால் என்ன?
முதல் நாள் பதினேழு தணலில் விழுந்தன.
லாமாரா எண்ணினாள், சம்பளக் கணக்கில் எழுதினாள்.
கருகல் வாசம் பேருந்து நிறுத்தம்வரை போயிற்று.
அடுத்த வாரம் ஆறு.
ஆகஸ்ட் கடைசியில் ஒன்று.
பிறகொரு நாள் இடது முழங்கைமேல் முதல் கொப்புளம்.
பதக்கம்போல் எலிசோவிடம் நீட்டினேன்.
"களிம்பு போடு" என்றாள்.

அவள் பாடு வேறு.
தோள் விரிந்தது, இடை இறுகியது,
கெண்டைக்கால் மட்டும் சொல்பேச்சு கேட்கவில்லை:
மிஷின் மிதித்த வலது ஒரு சுற்று கூட.
பிழைப்பு சும்மா போவதில்லை,
உடம்பில் எங்காவது கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

மேடைக்கு முந்தின இரவு,
உப்பில்லாத கோழியும் சோறும் தின்றுவிட்டு
நாடாவுக்குக் கை கொடுத்தேன்.
வலது நாற்பத்தொன்று.
இடது
நாற்பத்தொன்றரை.

மறுபடி அளந்தோம்.
தண்ணீரைக்கூட மிடறு எண்ணிக் குடிக்கும் இரவில்
சிரித்தே தொண்டை வறண்டது.

நான்காம் இடம்.
அந்த அரை சென்டிமீட்டர் யார் கண்ணிலும் படவில்லை.
பின்தொடை என்று குறித்திருந்தார்கள்:
இரண்டு பக்கமும் ஒரே மாதிரி
இளைத்திருக்கிறதாம்.

திங்கள் விடியல், அடுப்பு சிவந்துவிட்டது.
மாவை எடுத்தேன்.
எந்தக் கை என்று நின்ற நொடியில்
அது தன்பாட்டுக்கு இழைந்து தொங்கியது,
ஒரு முனை கூராக, மறுமுனை தடித்து.
பின்னாலிருந்து லாமாரா கத்தினாள்:
"எதுலயாவது அறையேன்டா!"