சுட்டதோ பொரிச்சதோ

தவக்காலத்து நாலாம் வெள்ளி.
சிலுவைப்பாதை முடிந்து
பாசையூர்ப் பங்கு மண்டபத்தில் முப்பது பேர்.
ஒரு விசிறி சுற்றுகிறது,
மற்றது சத்தம் மட்டும் போடுகிறது.
ஆஸ்பத்திரிச் சீனி கிளினிக்கில்
வாய்ப்பாடு மாதிரி நான் ஒப்புவிப்பதை
இன்றைக்கு வேதத்துக்குள் பொதிந்து தரவேணும்.
'வேதாகம உணவும் உடல்நலமும்',
பாதர் அச்சடித்த தாள்
எல்லார் மடியிலும் விசிறியாகிவிட்டது.

அத்திப்பழம். நார்ச்சத்து. வயிறு இளகும்.
சாகக் கிடந்த அரசன் ஒருவனின் கட்டிக்கு
அதைத்தான் வைத்துக் கட்டினார்களாம்.
மாதுளை. குருவின் அங்கியோரத்தில்
மணிகளுக்கு நடுவே தொங்கியது,
என் தாளில் பிரஷருக்குக் கீழே தொங்குகிறது.
வாற்கோதுமை சீனியை மெல்ல ஏற்றும்,
ஒலிவ் எண்ணெய் இதயத்துக்கு...

"போத்தில் என்ன விலை பிள்ளை?"
முன்வாங்கில் பெர்னதேத்தா,
மீன்சந்தையில் மூன்றாம் கல் அவளுடையது.
சொன்னேன்.
மண்டபம் கொஞ்சநேரம் மௌனசெபத்துக்குப் போனது.
"அப்ப அது பூசுதலுக்கு மட்டும் இருக்கட்டும்."

குரக்கன் சாப்பிடுங்கோ என்றேன்,
நல்லெண்ணெய் அளவோடு என்றேன்,
தேனும் சீனிதான் அம்மா என்றேன்.
பாலும் தேனும் ஓடுகிற நாட்டில்
எங்கள் கிளினிக் வரிசை
மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டும்.
அதற்குச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான்
பருப்புக்கு வந்தேன்.
புரதம், இரும்பு.
வேட்டையால் பசியோடு வந்த மூத்தவன்
ஒரு கோப்பைக் கூழுக்குத்
தலைப்பிள்ளை உரிமையை விற்ற கதை.
முட்டாள் எல்லோ, என்று முடித்தேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பின்வாங்கில் யூஜின் எழும்பினார்.
"தொண்ணூற்றைஞ்சில, சாவகச்சேரியில
நானும் வித்தனான் பிள்ளை.
றலி சைக்கிள். ரெண்டு கொத்துப் பருப்புக்கு."
இருக்கப் போனவர் திரும்ப நிமிர்ந்து,
"நல்ல பருப்பு" என்றார்.

புரதம் என்ற சொல்லில்
என் விரல் நின்றுபோயிருந்தது.
எத்தனை கிராம் என்று
அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

பெர்னதேத்தாதான் அந்த மௌனத்தை வெட்டினாள்,
செவுள் வெட்டுகிற மாதிரி.
"மூண்டாம் நாள் எழும்பி வந்தவர்
தின்ன என்ன கிடக்கெண்டு கேட்டவரெல்லோ?
மீன் குடுத்தவை.
அது சுட்டதோ, பொரிச்சதோ?"

"சுட்டது."

"பாத்தியளே, எண்ணெய் இல்லை!"

பிறகு என் கையில் கூட்டம் இல்லை.
என்ன மீன்?
விடியக் கரையில் கரிநெருப்பெண்டால் சூடைதான்.
இல்லை, ஒட்டி.
முள்ளுக் குறைஞ்ச விளைமீனாத்தான் இருக்கும்,
காயப்பட்ட உடம்பெல்லோ.
அது கடலில்லை, நன்னீர் ஏரி என்று
நான் வாய்விட்டிருக்கக் கூடாது.

"குளத்து மீனோ?
உந்த ஜப்பான் மீன் மாதிரியோ?"
முப்பது முகங்களும் சுழித்தன.
"சேறு மணக்குமே" என்றது ஒரு குரல்.
ஆணியை விட அதற்காக
அவர்மேல் கூடப் பரிதாபப்பட்டார்கள் போல.

கடைசியில் விரல் குத்தி இரத்தம் பார்த்தேன்.
யூஜினுக்கு அறுபத்தெட்டு.
மருந்து போட்டனீங்களா? ஓம்.
சாப்பிட்டனீங்களா?
"வெள்ளிக்கிழமை எல்லோ."
தேன்பற்றி நான் சொன்னதெல்லாம் மறந்து
தேத்தண்ணி மேசைக்கு ஓடினேன்.
மூன்று கரண்டி சீனி.
அவர் குடித்து முடிக்கும்வரை
கோப்பையின் அடியை நானும் பிடித்திருந்தேன்.

வாசலில் பெர்னதேத்தா ஒரு பொதி நீட்டினாள்.
ஐஸ்பெட்டியில் மிஞ்சிய சூடை,
என் தாளிலேயே சுற்றி.
ஒலிவ் எண்ணெய் என்ற வரியில்
மீன்தண்ணி ஊறிக்கொண்டிருந்தது.
"சுட்டுத் தின்னுங்கோ மிஸ்."

இரவு கரி தேடினேன், கிடைக்கவில்லை.
மெய்யாகத் தேடவும் இல்லை.
மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி
மொறுமொறு என்று
பொரித்தேன்.