இறங்கும் புகை

பன்னிரண்டு வெள்ளி.
பூன் லே நிலையத்தில்
அட்டை தட்டும் வாயிலுக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நான்.
வெளியே வந்தால் கட்டணம் போய்விடுமென்று
உள்ளே நின்றபடியே நீட்டினார்,
சீனச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு மலையை.
"தலை ஒட்டினது. பசை தெரியாது" என்றார்.
அடுத்த ரயிலுக்குத் திரும்பி ஓடினார்.

வீட்டில் பிரித்தேன்.
பாசிப்பச்சை மெருகு வழிந்த பீங்கான் மலை.
உச்சியில் சாம்பிராணிக் கூம்புக்கு ஒரு துளை,
அதிலிருந்து ஐந்து படி இறங்கும் வறண்ட ஓடை,
ஓடை முடியுமிடத்தில் கட்டைவிரல் உயரத் துறவி.
கழுத்தைச் சுற்றி மஞ்சள் கோடு.
பசை நன்றாகவே தெரிந்தது.

அடிக்குழியில் அவர் வீட்டுச் சாம்பல்.
கொட்டலாமென்று எழுந்தேன்.
குப்பைக் குழாய் அன்றைக்கு அடைத்திருந்தது.
பிறகு கொட்டத் தோன்றவில்லை.

காற்று வராத இடம் வேண்டும் இதற்கு.
எங்கள் வீட்டில் அப்படி ஒன்றுதான் உண்டு:
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
வீவக கட்டித்தந்த இரும்புக்கதவு அறை.
அரிசி மூட்டை, கால் உடைந்த மின்விசிறி,
யாரும் பிரிக்காத கல்யாணப் பரிசுகள்,
எல்லாவற்றையும் ஓரம் தள்ளி
ஒரு பாய் அகலம் மீட்டேன்.
மூச்சுக்காகக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தேன்.

கூம்பின் முனை கனிந்தது.
புகையென்றால் ஏறும் என்றே
நாற்பத்தொரு வருடம் நினைத்திருந்தேன்.
இது இறங்கியது.
காய்ச்சாத பால்போலப் படிபடியாய் வழிந்து
துறவியின் மடியில் தேங்கி
பாய் விளிம்பில் காணாமல் போனது.
பெருமூச்சு விட்டேன், ஓடையே கலைந்தது.
என் மூக்கில் இவ்வளவு முரட்டுக் காற்றா?

பகலெல்லாம் நான்
நகர மன்றத்தின் புகார் எண்ணில் இருப்பவள்.
மின்தூக்கியில் மூத்திரம்.
நடைபாதையில் செருப்பு அலமாரி.
நள்ளிரவில் மேல்மாடியில் கோலி உருளுகிறது.
புரிகிறது, வருந்துகிறோம், குறித்துக்கொண்டேன்.
எழுபது தடவை சொல்லி வீடு வந்து
ஒன்பது மணிக்கு மலைமுன் உட்காருவேன்.

மூன்றாம் வாரம், புதன், பதினொன்று பத்து:
"என் மகனுக்கு இழுப்பு.
இரவு ஒன்பதானால் புகை வருகிறது, ஊதுபத்தி மாதிரி.
எந்த வீடென்று தெரியவில்லை."
புளோக் எண் கேட்டேன். என் புளோக்.
மாடி கேட்டேன். எனக்கு மேல் மாடி.
ரொஸ்னா.
பெருநாளுக்கு அவள் பலகாரம் தந்த டப்பா
இன்னும் என் அடுப்படியில்.
அவளுக்கு என் வேலைக்குரல் தெரியாது.

புரிகிறது என்றேன்.
வருந்துகிறோம் என்றேன்.
திரையில் 'மூலம்' என்றொரு கட்டம்.
தெரியவில்லை
என்று தட்டினேன்.

அன்றிரவும் பற்றவைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.
கண்ணெதிரே இறங்கியது, தரையில் படுத்தது.
படுத்தது எப்போது எழுந்தது?
ஒரு சாண் இடுக்கில் நழுவி
கூடத்தைத் தாண்டி
துணி காயும் மூங்கில் கழியைப் பிடித்து
எந்நேரத்தில் ஏறிப்போயிற்று
ஒரு குழந்தையின் நெஞ்சுக்கு?

சனிக்கிழமை டப்பாவைக் கழுவி
தேக்காவில் வாங்கிய முறுக்கை நிரப்பிப்
படியேறினேன்.
புகையைச் சொன்னேன்.
தொலைபேசியைச் சொல்லவில்லை.
ரொஸ்னா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள்
அவள் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து
மூக்கை உறிஞ்சினான் இல்ஹாம்:
"நீங்கதானா அந்த வாசனை?"

இப்போது மலையில் நெருப்பில்லை.
ஒன்பது மணிக்கு உட்காருகிறேன்.
ஓடையில் ஒன்றும் வருவதில்லை.
துறவி ஒட்டுக்கழுத்தோடு காத்திருக்கிறார்.
குனிந்தால் மட்டும்
இரண்டு வீட்டுச் சாம்பலும் கலந்து மணக்கிறது.
மூன்று வேலைநாளில் மூடவேண்டிய புகார்
என் பெயரில் இன்னும் திறந்தே கிடக்கிறது.

மேலே இருமல் கேட்கவில்லை.
குண்டுக்கென்று கட்டிய சுவர் இது.
கேட்காதுதான்.