நாத்தனாரின் முட்டைக்கோஸ்

சுவரில் ஐந்து தகைவிலான் குருவிகள் பறந்தன
கறுப்புப் பீங்கானில்.
இப்போது இரண்டு.
மற்ற மூன்றின் இடத்தில் ஆணிகள்.
ஆணியும் ஒருநாள் பறக்கும் என்று
கீழே காத்திருக்கிறது
ஃபரேலோ.

ஃபரேலோ என்றால் எங்கள் பேச்சில் தவிடு.
நிறமும் தவிடு, குணமும் தவிடு,
ஊதினால் வீடெல்லாம் அதுதான்.
ட்ராம் பணிமனையிலிருந்து ஒரு மழை இரவில்
சட்டைக்குள் போட்டு எடுத்துவந்தார் அன்செல்மோ.
'ஒரு வாரம்தான், டெல்மிரா.'
அந்த வாரத்துக்கு
வருகிற மார்ச்சில் ஆறு வயது.

நீலப் புட்டி போனது,
உப்புக் கிண்ணம், சிப்பி விளக்கு,
பாய்மரம் மட்டும் மிஞ்சிய கண்ணாடிக் கப்பல்.
ஒரு கால் நீளும்.
ஒரு விரற்கடை தள்ளும்.
நின்று என்னைப் பார்க்கும்.
இன்னொரு விரற்கடை.
விழுகிற பொருளை அது பார்த்ததே இல்லை,
என் முகத்தைத்தான்.

ஆரஞ்சுத் தோல் வைத்தேன்;
தோலையும் தள்ளிவிட்டது.
இருபுறமும் ஒட்டும் டேப் போட்டேன்;
அன்செல்மோவின் முழங்கை முடி ஒட்டிக்கொண்டது.
அலுமினியத் தாள் விரித்தேன்;
விடிய விடிய அதன்மேல் நடந்து
சங்கீதம் பழகியது.
தண்ணீர் பீய்ச்சினேன்.
மருத்துவமனை இயொலாண்டா திட்டினாள்:
'உங்களைக் கண்டால் பயப்படக் கற்றுக்கொள்ளும்,
அலமாரியைக் கண்டு அல்ல.
அதற்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.
சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம்
ஓடவிட்டு விளையாடுங்கள்.
ஜன்னலோரத் தட்டை அதற்கே கொடுங்கள்.
உடைகிறதெல்லாம் மெழுகு வைத்து ஒட்டுங்கள்.'

ஆக, தினமும் ஏழு மணிக்கு
தூண்டில் கோலில் சேவல் இறகு கட்டி
கூடத்தில் ஓடுகிறார்
அறுபத்திரண்டு வயது அன்செல்மோ,
பின்னால் பூனை,
கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையின் தாளம்.
ஜன்னல் தட்டில் படுத்து
டோரோ ஆற்றின் படகுகளை எண்ணுகிறது மதியமெல்லாம்.
ஒரு மாதமாயிற்று,
எதுவும் விழவில்லை.

இத்தனைக்கும் நடுவில்
ஆறு வருடமும் கீறலில்லாமல் இருந்தது ஒன்று:
எங்கள் வெள்ளிவிழாவுக்கு
அவெய்ரோவிலிருந்து நாத்தனார் லுடோவினா சுமந்துவந்த
பீங்கான் முட்டைக்கோஸ்.
பன்னிரண்டு பேருக்கு சூப் கொள்ளும்.
நாங்கள் இருவர்.
இலையில் ஒரு நத்தை,
மூடியில் கைப்பிடியாக ஒரு தவளை,
அந்தத் தவளைக்கு லுடோவினாவின் கண்கள்.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவாள்,
எங்களை அல்ல, அதை நலம் விசாரிக்க.

சொல்லிவிடுகிறேன்.
அதன் அடியில் மட்டும் நான் மெழுகு வைக்கவில்லை.
அலமாரி விளிம்புக்கு நகர்த்தியது நான்.
உள்ளே மத்தி மீனின் வாலைப் போட்டு
மூடியைச் சற்றே திறந்து வைத்ததும் நான்.
ஃபரேலோ வந்தது,
அறுவை மருத்துவர் மாதிரி வாலை எடுத்தது,
தவளை அசையாமல் இறங்கிப் போனது.

வியாழக்கிழமை அன்செல்மோவுக்கு இரவாகும் வேலை.
கோலை நான் எடுத்தேன்.
இறகு பறந்தது, பூனை இடப்பக்கம் தாவியது,
நான் வலப்பக்கம் திரும்பினேன்,
என் முழங்கை.

முதல் முறையாக
விழுகிற பொருளைப் பார்த்தது ஃபரேலோ.
பிறகு என்னைப் பார்த்தது,
நான் அதை எப்போதும் பார்ப்பது போல.

பூட்டில் சாவி திரும்பியது.
சிதறிய இலைகள், நத்தை,
சோபாவுக்கு அடியில் தவளைத் தலை.
'மறுபடியுமா, தவிடு!' என்றார் அன்செல்மோ.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
நான் வாயைத் திறந்தேன்;
வெளியே மழை பலமாக இருந்தது,
மூடிக்கொண்டேன்.
குனிந்து துண்டு பொறுக்கும்போது
அவர் விசிலடிப்பது கேட்டது.
ட்ராம் ஓட்டிய காலத்துக்குப் பின்
அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை.

காலையில் ஃபரேலோவின் தட்டில்
இரண்டு மத்தி மீன் வைத்தேன்.
முகர்ந்தது. தொடவில்லை.
மேஜை மேலிருந்த என் காபிக் கோப்பைக்கு ஏறி
ஒரு விரற்கடை தள்ளியது.
நின்று என்னைப் பார்த்தது.

மூன்றாவது மீனையும் வைத்தேன்.