ஒன்பது மில்லிகிராம்

பீடோங் கல்லூரி உயிரியல் கூடத்தில்
இன்குபேட்டர் கெட்டுப் பதினான்கு மாதம்.
விண்ணப்பம் அலோர் ஸ்டாருக்குப் போயிருக்கிறது
என்கிறார் அபாங் ரஸாலி,
மைத்துனர் ஊருக்குப் போனதைச் சொல்வதுபோல.
மீன்கடையில் கெஞ்சி வாங்கிய நுரைப்பெட்டி,
மூடியில் குத்திய துளையில் வெப்பமானி.
முப்பது டிகிரி வேண்டும்.
பகலில் வெளியே முப்பத்து நான்கு, உள்ளே ஐஸ் பொட்டலம்;
இரவில் செம்பனைக் காட்டுக் குளிர் இறங்கும்,
இருபத்தைந்து வாட் பல்பு.

அதற்குள் எங்கள் பிள்ளைகள்,
கஞ்சித்துளி நிறத்தில் புள்ளிபுள்ளியாக.
குடலில் குடியிருந்த சாதி.
எங்கோ குப்பையில் வாழ்ந்த வேறொன்றின்
சமையல் குறிப்பை வட்டமாகச் சுருட்டி
நாற்பத்திரண்டு டிகிரிச் சூட்டில்
நாற்பத்தைந்து விநாடி திடுக்கிட வைத்து
விழுங்கச் செய்தோம்.
லட்சத்தில் ஒன்று விழுங்கியது.
விழுங்காததை மருந்து கொன்றது.

தீனிக்கு அக்கா.

தோட்டத்துப் பழைய புகைவீட்டில்தான் இப்போது அந்த ஆலை.
கித்தாப் பாலின் வாடை சுவரில் இருக்க,
பினாங்குத் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் வரும்,
படிக்கத் தெரியாத எழுத்தில்
யாரோ குடித்து முடித்த தாகம்.
அக்கா தவமலர் அடியில் எண்ணைத் தேடுவதில்லை,
கசக்குவாள்.
"கறுக்குன்னா ஒன்னாம் நம்பர்.
பொதக்குன்னா ரெண்டு."
ஒரு மூட்டைக்கு ஆறு வெள்ளி ஐம்பது காசு.
அன்று ஆறு போத்தல்களைக் கழுவிக் கொண்டுவந்து கேட்டாள்:
"உன் பூச்சி சம்பளம் வாங்காமலா சாப்பிடுது?"
ஆமாம் என்றேன்.
"எங்க முதலாளிகிட்ட சொல்லிடாதே."

போத்தல் அப்படியே இறங்காது, ரொம்பக் கெட்டி.
உருக்கி, தட்டையாக்கி,
மூச்சு விடுவதற்குள் ஐஸ் நீரில் போட வேண்டும்,
அணுக்கள் வரிசை கட்டுவதற்கு முன்பே.
ஹுய் ஷினின் கட்டைவிரலில் கொப்புளம்.
நோன்பு மாதம்.
சைஃபுல் வெறும் வயிற்றோடு நின்று
அவற்றின் பசியை மணிக்கணக்கில் குறித்தான்.
இரண்டு முறை மின்சாரம் போனது.
ஒரு முறை எறும்பு வந்தது.

பன்னிரண்டாம் நாள்
பால்போல் கலங்கிய தட்டில்
ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் தெளிவு,
குண்டூசித் தலையளவு.
கூச்சல் கேட்டு ஓடிவந்த அபாங் ரஸாலி
தட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு
இதற்கா என்றார்.
பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

மூன்று வாரம் முடிந்து தராசு.
இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிகிராம் போனது,
இருநூற்றொன்று வந்தது.
பதினொன்று!
ஆனால் பூச்சியே இல்லாத குவளையில்
சும்மா ஊறிக் கிடந்த துண்டிலும் இரண்டு குறைந்திருந்தது.
நானும் சைஃபுலும் சுவரைப் பார்த்தோம்.
கழிக்கணும் என்றாள் ஹுய் ஷின்.
கழித்தோம்.

அன்று மாலை, ஏனென்று தெரியவில்லை,
சைஃபுல் குப்பைப் பையையும் தூக்கித் தராசில் வைத்தான்:
கையுறை, குழாய்முனை, மூடி, வட்டத் தட்டு,
எங்கள் மூன்று வாரம்.
இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது கிராம், எல்லாம் பிளாஸ்டிக்.
யாரும் பேசவில்லை.
அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
அந்த எண்ணையும் எழுதினேன்.
அழிக்கச் சொல்வார்களோ என்று பேனாவால்.

கூடத்தைவிட்டு அவை உயிரோடு வெளியேறக்கூடாது.
குளோராக்ஸ் ஊற்றினேன்.
கலங்கல் தெளிந்தது, மூக்கு எரிந்தது.
ஒரு துளியை மட்டும் கிளிசராலில் கலந்து
உறைபெட்டியில் தவளைகளுக்குப் பக்கத்தில்
தேதி ஒட்டி வைத்திருக்கிறோம்.

"எவ்ளோ தின்னுச்சு?" அக்கா கேட்டாள்,
வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல்.
அரை அரிசி எடை.
"மூனு வாரத்துக்கா?"
ம்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து
நகத்தால் சீட்டைக் கிழித்தபடி சொன்னாள்:
"எனக்கும் மொத வாரம் அரை மூட்டைதான்."
பிறகு ஒரு தரம் கசக்கிப் பார்த்து
கறுக்,
என்னிடம் கொடுத்தாள்.