நான்காவது உரிமைக்கோரல்

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காப்புரிமைகளை
எக்செல்லில் ஏற்றி முடித்துவிட்டுத்தான்
பணகுடிக்குப் பஸ் ஏறினேன்.
ஆடி மாதம். ஜன்னலை அடைத்தும்
பல்லில் மணல் நறநறத்தது.

என் ஆய்வேட்டின் மூன்றாம் படத்தில்
அம்புகள் எல்லாம் ஒரே திசை.
தலைமையகத்திலிருந்து கிளைக்கு,
கிளையிலிருந்து ஒப்பந்தக்காரருக்கு,
அங்கிருந்து கீழே
பெயரில்லாத ஒரு பெட்டிக்கு.
'அறிவுப் பாய்வு' என்று தலைப்பு.
அத்தியாயம் முழுக்கச் சிவப்பு மையால் கீறிய நெறியாளர்
அந்தப் படத்துக்கு மட்டும் நன்று போட்டிருந்தார்.

பெட்டியின் பெயர் சொரிமுத்து.
அறுபத்து மூன்றாம் நம்பர் காற்றாலையின் நிழல்
சுற்றிச் சுற்றி வந்து மிதித்துப் போகும்
தகரக் கொட்டகையில்
கிரீஸ் கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

மூனிச்சில் பதிவான காகிதத்தை விரித்தேன்.
பறந்துவிடாமல் நாலு மூலைக்கும் நாலு நட்டு வைத்தார்.
நான்காவது உரிமைக்கோரலைத்
தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்:
கோபுர உச்சியில், தலை திரும்பும் பல்சக்கரத்தைச் சுற்றி,
தூசி தடுக்கும் பொருட்டு
நெகிழ்வுள்ள வளையம் ஒன்று,
அதன் உதடு உட்புறம் நோக்கியதாக.

"லாரி டியூப்புல்லா அது.
வள்ளியூர் பஞ்சர் கடையில வாங்குனது, முப்பது ரூவா.
அந்த வருசம் ரெண்டு வெள்ளக்காரங்க வந்தாவ.
மேல ஏறி போட்டோ எடுத்தாவ.
நாந்தான் டார்ச் அடிச்சேன்."

எனக்குக் கை நடுங்கியது.
முன்பே வெளியில் தெரிந்ததற்குப் புதுமை கிடையாது,
கோரல் விழும், ராயல்டி நிற்கும்,
தேதி இருக்கிறதா, பில் இருக்கிறதா,
கூட இருந்தது யார் யார் என்று
மூச்சு விடாமல் கேட்டேன்.

சொரிமுத்து காதில் வாங்கவில்லை.
படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
விரலால் வளையத்தைச் சுற்றி ஒரு தரம் வந்தார்.
அப்புறம் சிரித்த சிரிப்பில்
ஒரு நட்டு உருண்டு விழுந்தது.

"நான் மொதல்ல செஞ்ச தப்புலா மேடம் இது!
அடுத்த ஆடிக்குள்ள பல்லு பூரா தேஞ்சு போச்சு.
தப்பையா பதிஞ்சு வச்சிருக்காவ?"

பதினேழு நாடுகளில், என்றேன்.

"வருசா வருசம் பணம் வேற கட்டுதாவளா?"

கட்டுகிறார்கள்.

"கட்டட்டும்."

சரியானது எது என்று கேட்டேன்.
கையிலிருந்த ரெக்கார்டரைப் பார்த்தார்.
அணைத்தேன்.
"சும்மா திருப்பிப் போட்டா போதும்னு நெனச்சிராதீங்க"
என்று தொடங்கிச் சொன்னார்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
அதில் வந்த ஒரு பொருள் எங்கள் வீட்டு அடுக்களையிலேயே...
இல்லை, அதுகூட வேண்டாம்.

வெளியே அறுபத்திரண்டு கிறீச்சிட்டது.
அறுபத்து நாலும் கிறீச்சிட்டது.
நடுவில் இருந்தது சத்தமில்லாமல் சுற்றியது.

என் குறியீட்டு ஏட்டில்
காப்புரிமை என்றால் ஒன்று, உரிமம் என்றால் இரண்டு,
ரகசியம் என்றால் மூன்று.
இதுவரை யாருக்கும் மூன்று போட்டதில்லை.
ரகசியம் வைத்திருப்பவர்கள்
கேள்வித்தாளை நிரப்பி அனுப்புவதில்லை.
ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்றாவது வரிசை சேர்த்தேன்:
ஊழியர் ஒருவர்.
ஆராய்ச்சிச் செலவு முப்பது ரூபாய், தெரிந்தவரை.
உத்தி, மூன்று.

மூன்றாம் படத்தில் ஓர் அம்பை மேல்நோக்கித் திருப்பினேன்.
நெறியாளர் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
சஞ்சிகையின் இரண்டாம் மதிப்பீட்டாளரும்
நுட்பம் என்ன, விவரம் தேவை என்கிறார்.
தகவலாளர் வெளியிட மறுத்துவிட்டார் என்று
பதில் அனுப்பினேன்.

மறுத்தது அவரில்லை.