செகண்ட்ஸ்

பிலிமைப் புறம் மாற்றி வைத்துவிட்டான்
மங்கலம் ரோட்டுப் பிரிண்டிங் பட்டறையில் எவனோ.
நாலாயிரத்து எண்ணூறு பனியன்.
நெஞ்சில் நாலாயிரத்து எண்ணூறு பிரிட்டிஷ் கொடி.

எங்களுக்கு ஒன்றும் தெரியலீங்க.
சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது,
குறுக்கும் நெடுக்கும் கோடு இருந்தது.
செக்கிங் டேபிளில் ரங்கநாயகி
பிசிறு வெட்டி அடுக்கிக்கொண்டே போனாள்.

ஹார்கிரீவ்தான் கண்டுபிடித்தார்,
அதுவும் தயிர்சாதத்துக்கு அப்புறம்.
காலை முழுக்கக் கழுத்துப்பட்டியை அளந்தவர்,
கையை இழுத்துப் பார்த்தவர்.
கம்பத்துப் பக்கம், மேல் மூலையில்,
அகல வெள்ளை சிவப்புக்கு மேலே வரணுமாம்.
அவருக்கே சந்தேகம்.
திரும்பி நின்று போனில் தேடிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.
"சாரி, டீவா."
தெய்வானை என்று அவர் வாயில் வராது,
பதினோரு வருசமாய் நான் டீவா.
தப்பு எங்களுடையது, சாரி அவருடையது.
பொழுது சாய்வதற்குள் ஏழு சாரி எண்ணினேன்.
ஏழாவதில் ஆர்டர் கேன்சல்.

தலைகீழாய்ப் பிடித்தால் சரியாகிவிடுமே என்றார் முதலாளி.
பிடித்துப் பார்த்தோம்.
எப்படிச் சுற்றினாலும் அதே தப்பு.

டப்ளினிலிருந்து வந்த ஏஜென்ட் நீவ்
சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றது.
"எங்க ஊரில் இதை எந்தப் பக்கம் பார்த்தாலும்
தலைகீழ்தான்" என்றாள்.
அப்புறம் என்னமோ நினைத்துக்கொண்டு,
"ஆனால் நான் லண்டனில் மயங்கி விழுந்தப்ப
ஆறு பேர் குடை பிடிச்சாங்க.
ஒருத்தர்கூட என் பேரைக் கேக்கல" என்றாள்.
அது பாராட்டா குறையா என்று
அவளுக்கே தெரியவில்லை போல.

மெஷின் பூட்ட வந்த துருக்கிக்காரர் செர்கான்
டீயில் பால் ஊற்றுகிற சனத்தை நம்பாதே என்றார்.
எங்கள் கையிலெல்லாம் பால் டீ.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் டம்ளரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
"நீங்க வேற" என்று முடித்துக்கொண்டார்.

கேட்டில் மன் பகதூர்.
அவர் பெரியப்பா மலாயாக் காட்டில்
அவர்களுக்காக ஒரு காதை விட்டுவிட்டு வந்தவர்.
"தோளில் தட்டிக்கொடுப்பாங்க மேடம்,
பென்சன் மட்டும் வேற தராசில்."
சொல்லிவிட்டு, பொட்டியில் வைத்திருக்கும்
பெரியப்பாவின் மெடலைத் துடைக்கவும் செய்வார்,
மாசம் ஒருதரம், சம்பளத்தன்று.

கடைசியில் காதர்பேட்டையிலிருந்து ஒபின்னா வந்தார்,
செகண்ட்ஸ் எடுக்க.
லாகோஸில் ஒருத்தனும் கோட்டை எண்ணமாட்டான் என்றார்.
முந்நூறு தடவை பேரம் பேசினோம்,
கத்தினோம், அவர் எழுந்து போய்த் திரும்பி வந்தார்,
இளநீர் குடித்தோம், படிந்தது.
"பார்த்தீங்களா, இதுதான் வியாபாரம்.
இங்கிலீஷ்காரன் பேரமே பேசமாட்டான்.
சும்மா உக்காந்திருப்பான்.
அந்த மௌனம் தாங்காம
நாமளே விலையைக் குறைப்போம்."
எனக்குச் சுருக்கென்றது.
போன சீசனில் ஒரு பீசுக்குப் பதினோரு பைசா
நான் அப்படித்தான் விட்டேன்.

நானாய் என்ன சொல்ல?
லண்டனை நான் பார்த்ததில்லை.
பொருட்காட்சிக்குப் போக விசா கேட்டப்ப
திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை.
அவ்வளவு மரியாதையான கடுதாசி
என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.
கடைசி வரி படித்தும்
மறுத்துவிட்டார்கள் என்று புரிய
ரெண்டு நிமிசம் ஆனது.

ஒரு பனியனை எடுத்துக்கொண்டேன்.
காலையில் போட்டுக்கொண்டு
பீரோக் கண்ணாடி முன்னால் தலை சீவினேன்.

அட.
கம்பத்துப் பக்கம், மேல் மூலை,
அகல வெள்ளை சிவப்புக்கு மேலே.
ஒரு நூல் பிசகில்லை.
ஹார்கிரீவ் இங்கே நின்று பார்த்திருந்தால்
பாஸ் பண்ணியிருப்பார்.

குனிந்து நெஞ்சைப் பார்த்தேன்.
தப்பாகத்தான் இருந்தது.

கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது.
மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.